பிடித்த பணம் திரும்பாமலிருக்க ஆறு வழிகள்

சீயமங்கலத்திலிருந்தோ செஞ்சியிலிருந்தோ ஆள் கூட்டிப்போய், கம்பெனிக் கட்டடங்களில் பூச்சு, சென்ட்ரிங், கம்பி கட்டு என்று சப் கான்ட்ராக்ட் எடுக்கும் மேஸ்திரியா நீங்கள்? ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, வருடத்தில் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ, நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். டி.டி.எஸ். என்று பெயர். அது கம்பெனிக்குப் போகும் கமிஷன் இல்லை. உங்கள் பெயரில் கட்டப்படும் வரி. கணக்குத் தாக்கல் செய்தால், வரி போக மிச்சம் உங்கள் வங்கிக்கே வந்துவிடும் அபாயம் உண்டு. தப்பிக்கும் வழிகள் இதோ.

1. பான் எண் கொடுக்காதீர்கள். கொடுத்தால் 12 லட்ச ரூபாய் வேலைக்கு வெறும் 12,000 தான் பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் 20 சதவீதம், அதாவது 2,40,000. சாரத்தில் நின்றபடியே நாட்டுக்கு இதைவிடப் பெரிய தொண்டு செய்ய முடியாது.

2. பில்லை வேறு யார் பெயரிலாவது போடச் சொல்லுங்கள். மச்சான் இருக்கிறார், பெரிய மேஸ்திரி இருக்கிறார். யார் பான் எண்ணில் பணம் ஏறுகிறதோ அவருக்குத்தான் திரும்பும். பல்லவ மன்னர் மகேந்திரவர்மன் இதில் விவரம் பத்தாதவர். சீயமங்கலம் குடைவரையில் லளிதாங்குரன் என்ற தன் பட்டப்பெயரை வெட்டிவைத்துவிட்டார். சுமார் 1,400 வருடமாக அந்த வேலையை வேறு எந்த மேஸ்திரியும் தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியவில்லை.

3. "செலவுக்கு ரசீது இல்லையே" என்று மலைத்து உட்காருங்கள். சனிக்கிழமை சித்தாள் கூலி, டீச் செலவு, வண்டிக்கு டீசல், எதற்கும் பில் இருக்காது. மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாக அதே மன்னர் கல்வெட்டில் சொல்கிறார். அவரிடமும் பொருள் வாங்கிய ரசீது தேறாது. இந்த மலைப்பைக் கெடுப்பதற்கென்றே 44ஏடி என்றொரு பிரிவு வைத்திருக்கிறார்கள். வருட வரவு 2 கோடிக்குள் என்றால், அதில் 8 சதவீதமாவது லாபம் என்று காட்ட வேண்டும். வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6. மெய்யான லாபம் கூடுதலென்றால் அதைக் காட்ட வேண்டும். ரசீதுக் கட்டு கேட்கமாட்டார்கள். வேறு வருமானம் இல்லாமல் லாபம் 3 லட்சம் என்றாலும் புதிய வரி முறையில் வரி கிடையாது. பிடித்த 12,000 முழுசாகத் திரும்பும். ஆகவே இந்தப் பிரிவு காதில் விழுந்தால் கலவை மெஷினை ஓட விடுங்கள்.

4. படிவம் 26ஏஎஸ் பக்கம் தலைவைக்காதீர்கள். பிடித்த பணத்தைக் கம்பெனி உங்கள் பெயரில் கட்டியதா என்பது அதில் தெரிந்துவிடும். சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறவர் சொந்தப் பணத்துக்குக் கண்ணளவு போதும் என்று விட்டுவிடலாம்.

5. பொங்கல் கழித்து ஆடிட்டரைப் பாருங்கள். தாமதமாகத் தாக்கல் செய்கிறவர்களுக்கும் டிசம்பர் 31 தான் கடைசி. அவர் உதட்டைப் பிதுக்குவார். நீங்கள் நிம்மதியாக ஊர் திரும்பலாம். வருமானம் வரம்புக்குள் இருந்து, பிடித்தமும் சில்லறையாக இருந்தால், "ஏன் வரவில்லை" என்று வரித்துறையும் கேட்டு வராது.

6. வரி என்றாலே வீரம் காட்டுங்கள். செஞ்சிக்கு அதில் பழைய அனுபவம் உண்டு. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டார். தேசிங்கு ராஜா மறுத்தார். 1714இல் போர்க்களத்தில் மாண்டார். ஆனால் அவர் மறுத்தது கொடுக்க வேண்டிய பணத்தை. வர வேண்டிய பணத்தையே வேண்டாமென்று சொல்லும் துணிச்சல் ராஜாவுக்குக்கூட இருந்ததில்லை.