ஜன்னல்ல மலை தெரியுதாம்!

வா தம்பி, குந்து. கையில இன்னா அது, வழவழன்னு? ஊடு விக்கிறவன் குடுத்த நோட்டீஸா? 'அருணாச்சலா வியூ'ன்னு போட்டுருக்கான். ஏம்பா, நம்ம அருணாச்சல மலை 2,668 அடி ஒசரம். பஸ் ஸ்டாண்டுல கடலை விக்கிறவனுக்கும் சும்மா தெரியுது. உனக்கு மட்டும் ஜன்னலுக்குத் தனிக் காசா? சரி, குடுப்ப. எதிர் மனை காலியாக் கெடக்குதே, அது யாருதுன்னு கேட்டியா? உனக்கு வித்தவனேதான் அங்க மூணு மாடி எழுப்புவான். அவனும் இன்னொருத்தனுக்கு மலையைக் காட்ட வேணாமா?

பழைய ஊடு வாங்குனா ராசியில்லன்னு உன் சம்சாரம் சொல்லுதாம். நாலு பேரு பொறந்து வளந்த ஊட்டுக்கு இல்லாத ராசி, நேத்து பூசுன செவுத்துக்கு எங்கேர்ந்து வரும்? பழைய ஊடு என்னாட்டம் கிழம். எங்க வலி, எங்க ஒழுகல்னு மறைக்கத் தெரியாது. புதுசு அப்பிடியா? பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா எல்லாச் செவுரும் யோக்கியந்தான்.

அதுக்காகப் பழசெல்லாம் தங்கம்னு சொல்லல. தரையில பளபளக்கிற கல்லைப் பாக்காத, அண்ணாந்து பாரு. கூரையில ஒரு மூலைக்கு மட்டும் புதுசா வெள்ளை அடிச்சிருக்கா? அங்கதான் ஒழுகுது. தளத்துக்கு அடியில காரை பேந்து கம்பி துருப்பிடிச்சுத் தெரியுதா? கும்புடு போட்டுட்டு வந்துடு.

புதுசுல கோளாறுன்னா கட்டுனவரு 5 வருஷத்துக்குப் பொறுப்புன்னு, ஊடு கட்டி விக்கிறவங்களுக்கான ரெரா சட்டம் சொல்லுது. வாஸ்தவம். ஆனா 500 சதுர மீட்டருக்குள்ள இருக்கிற மனையில நாலு ஊடு கட்டி விக்கிறவரு அதுல பதிவே பண்ண வேணாம். நம்மூர்ல உனக்கு ஊடு காட்டுறவரு எந்த ரகம்? கேட்டுக்க. கட்டிக்கிட்டு இருக்கும்போதே அடுக்குமாடியில வாங்குனா ஜிஎஸ்டி வேற, நூத்துக்கு 5 ரூபா. கம்மி விலை ஊட்டுக்கு 1 ரூபா. ஒருத்தரு குடியிருந்த ஊட்டுக்கு அந்தத் தொல்லை கெடையாது.

மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூணும் ரெண்டுக்குமே வேணும். இது கோயில் ஊரு. கோயில் நெலத்தை அறநிலையத் துறை ஒத்துக்காம பத்திரம் பண்ண முடியாது. "இப்ப வெள்ளைத் தாள்ல எழுதிக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்"னு எவனாவது சொன்னா, அங்க குடிச்ச டீக்குக் காசை வச்சிட்டு எழுந்து வா.

கிரிவலப் பாதை ஓரமா வாங்குனா புண்ணியம்ங்கிற. பௌர்ணமி ராத்திரி அங்க போயி நின்னு பாத்தியா? பதினாலு கிலோமீட்டரும் தலைதான். அன்னிக்கு உங்கம்மாவுக்கு நெஞ்சு வலின்னா வண்டியை எந்தப் பக்கம் எடுப்ப?

இன்னொண்ணு, இதைச் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல முடியல. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. நம்மூரு வ.உ.சி. நகர்ல மலை சரிஞ்சு ஊட்டு மேல உழுந்துச்சு. ஏழு பேரு போயிட்டாங்க, அதுல அஞ்சு பிள்ளைங்க. மலையடிவாரத்துல எவன் எதைக் காட்டுனாலும், புதுசா பழசான்னு அப்புறம் கேளு. மேலேர்ந்து தண்ணி எந்த வழியா எறங்குதுன்னு மொதல்ல கேளு. விக்கிறவன் சொல்ல மாட்டான். பக்கத்து ஊட்டுல அரிசி பொடைக்கிற ஆயா சொல்லும்.

அட்வான்ஸ் குடுக்க இன்னாத்துக்கு அவசரம்? ஐப்பசி வரட்டும். நல்லா மழை புடிச்சுக்கிட்ட அன்னிக்கு, சொல்லாமக் கொள்ளாம கொடையோட அந்த ஊட்டுக்குப் போ. என்னையும் கூப்புடு, வரேன். டீ மட்டும் உன் செலவு.