பழம்பஜீரோ உருமாற்றியல்: அம்பிட்டியப் பாடம், உரையுடன்

பாயிரம்

அம்பிட்டியவில் நூல் செய்வது புதுப்பழக்கம் அல்ல. பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் 1893 இல் இங்கே குருமடம் நிறுவினார். 1955 இல் அது பூனேக்கு இடம்பெயரும் வரை, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த இளைஞர்கள் இந்த மலைச்சரிவில் இருந்து தத்துவமும் இறையியலும் படித்தார்கள். இன்றும் தேசியக் குருமடம் இங்கேதான். ஆயினும் ஒரு பழைய பஜீரோவுக்குள் ஒரு குடும்பமும் அதன் சமையலறையும் எங்ஙனம் அடங்கும் என்ற வினாவை அவர்களில் எவரும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அக்குறை தீரவே இச்சிறுநூல் எழுந்தது.

பாயிரத்துக்கு வேண்டிய உறுப்புகளை நன்னூலார் வகுத்துவிட்டார், மீறுவது முறையன்று. ஆக்கியோன், மேற்படி பஜீரோ உரிமையாளரின் மனைவிக்கு அண்ணன். ஆதலால் பின்னாசனத்தில் இடம் உறுதிப்பட்டவன். நுதலிய பொருள், குறைந்த காசில் பழைய ஜீப்பைக் குடும்பக் கூடாரப் பயணத்துக்கு ஏற்றதாக்கல். எல்லை: வடக்கே ரிவர்ஸ்டன், கிழக்கே மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு, தெற்கே ஹோர்ட்டன் சமவெளி, மேற்கே ஹந்தானை. மேற்கெல்லைக்கு வண்டியே வேண்டாம், நடந்தே போகலாம் என்பாரும் உளர். அவர்களுக்கு மச்சான் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. கேட்போர், பாண் வாங்கப் போகும் வழியில் கராஜை எட்டிப்பார்க்கும் ஆண்கள். பயன், அவர்கள் வீடு திரும்பியதும் சொல்ல ஒரு விடை.

'பழைய' என்னும் அடை எற்றுக்கு எனின், அது நாட்டின் வரலாறு. அந்நியச் செலாவணி தட்டுப்பட்டதால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் இலங்கையில் மனிதருக்கு வயது ஏறியது, வாகனத்துக்கு விலை ஏறியது. அதற்குள் 2022 வந்தது. அவ்வாண்டு ஜூன் கடைசியில் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவைத் தொட்டது, ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5. அக்காலம் முழுதும் மச்சானின் பஜீரோ முற்றத்தில் நின்றபடியே இருந்தது. ஓடாத வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் அதில் என்னென்ன பூட்டலாம் என்ற சிந்தனை பிறக்கும். உருமாற்றியல் என்னும் துறை எரிபொருள் வரிசையில் பிறந்தது என்று துணிகிறோம்.

வண்டியின் குலப்பெருமையையும் சொல்லிவிட வேண்டும். 1991 இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைப் பஜீரோ, நீள உடல், டீசல். மிட்சுபிஷி நிறுவனம் இப்பெயருடைய வண்டிகளைக் கொண்டு டக்கார் ஓட்டத்தை 1985 முதல் 2007 வரை 12 முறை வென்றது. மச்சான் இதைச் சொல்லாத விருந்து கிடையாது. "அப்ப ஏன் தம்பி, தலாத்துஓயா ரோட்டுல பஸ்ஸுக்கு எடம் விடச் சொன்னா இப்புடி மூச்சு வாங்குது?" என்று எங்கள் அம்மா கேட்பார். மருமகனைத் தம்பி என்று அழைக்கும் நாட்களில் அம்மா நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று கொள்க.

முதல் நூற்பா

தொலைவு குறுகின் சுமைமிகும் என்ப;
சுமையுள் தலைமை சோறடு கலற்கே.

என்பது நூற்பா. இதன் பொருள்: போகும் இடம் பக்கமாக ஆக, கொண்டுபோகும் சாமான் கூடும், அச்சாமான்களுள் முதன்மை ரைஸ் குக்கருக்கு உரியது.

இதற்கு மேற்கோள் ரொபர்ட் நொக்ஸ். 1660 இல் கொட்டியாரக் குடாப் பக்கம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபதாண்டு கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தவர். 1679 இல் தோழர் ஒருவரோடு தப்பி, அநுராதபுரத்து வழியே காடு கடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். காட்டுக்குள் இறங்குமுன் சேர்த்த சாமான்களை 1681 இல் வந்த தம் நூலில் வரிசையாக எழுதியிருக்கிறார்: பத்து நாளுக்கு அரிசியும் உலர்த்திய இறைச்சியும், சோறாக்க ஒரு பாத்திரம், தண்ணீருக்குச் சுரைக்குடுவை இரண்டு, மழை வந்தால் கூடாரமாக்கத் தாளிப்பனை ஓலை இரண்டு, சக்கரை, தின்பண்டம், புகையிலை, வெற்றிலை, தீப்பெட்டகம் இரண்டு மூன்று, செருப்புத் தைக்க மான்தோல். ஒன்று பழுதானால் என்று தீமூட்டும் பெட்டியை மட்டும் கூடுதலாக எடுத்ததைக் கவனிக்க. மலைநாட்டிலிருந்து மேற்குக் கடற்கரை வரை, அரசன் ஆள் பின்னால் வரக்கூடும் என்ற அச்சத்தோடு போனவரின் மொத்தச் சுமை இது.

எதிர்மறை எடுத்துக்காட்டு அம்பிட்டியக் குடும்பம். ரிவர்ஸ்டனுக்குக் காலையில் புறப்பட்டால் பகலுணவுக்குள் போய்விடலாம். அதற்கு ஏறியவை: காஸ் அடுப்பு, சிலிண்டர், ரைஸ் குக்கர், இடியப்பத் தட்டு, ஆளுக்கு இரண்டு தலையணை, பிளாஸ்டிக் கதிரைகள், பிள்ளைகளின் டியூஷன் கொப்பிகள், சம்பல் இடிக்க ஒரு கல்லுரல். உரல் எற்றுக்கு எனின், மிக்ஸியில் அடித்த கட்டைச் சம்பல் சம்பலே அல்ல என்பது அம்மாவின் மதம். இம்மதத்தை மறுத்தார் எவரும் இலர். நெருப்புப்பெட்டி வரவில்லை, எல்லாரும் மற்றவர் எடுத்திருப்பார் என்று இருந்தார்கள். நொக்ஸ் இவ்விடத்து நம்மினும் மேம்பட்டார்.

செலவுமுறை

உருமாற்றத்தைக் கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது என இரண்டாக வகுப்பர். காசு முதலில் போகவேண்டியது தெரியாததற்கு. ஆனால் முற்றத்தில் நின்று பார்ப்பவர்க்குத் தெரியாத ஒன்றில் காசைப் போட எந்த ஆணுக்கும் மனம் வராது. மச்சான் ஒரு பட்டியலோடு கராஜுக்குப் போனார்: கூரையில் எல்.ஈ.டி. விளக்கு, முன்னால் இரும்புப் பம்பர், ஸ்னோர்கல். பாஸ் பட்டியலை வாங்கிக் கையைத் துடைத்தார். "சேர், மேல பூட்டுறது எல்லாம் பொறகு பாப்போம். மொதல்ல நிக்கச் சொன்ன எடத்துல நிக்குதான்னு பாப்போம்." இத்துறையின் மூலவாக்கியமாக இதைக் கொள்கிறேன்.

காரணம் பௌதிகம். பதினெட்டு வளைவில் ஒரு குடும்பமும் ஒரு கல்லுரலும் இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி; ஈரம் ஏறியபின் அதே விதி 140 பாகையோடு திருப்திப்படுகிறது. வளைவுக்கு வளைவு மிதித்தபடியே இறங்கினால் சூடு டிஸ்கிலிருந்து கலிப்பருக்கும் அங்கிருந்து திரவத்துக்கும் போகும். திரவம் கொதித்தால் ஆவி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அப்போது மிதி அடிமட்டம் வரை இறங்கும், வண்டி தன் போக்கில் போகும். ஆண்டுக்கணக்காக மாற்றாத திரவத்தை வடித்துப் புதிது ஊற்றுவதற்கு ஆகும் காசு, எல்.ஈ.டி. விளக்குக்கு ஆகும் காசில் சிறு பங்கு. இரண்டாம் கியரில் இறங்குவதற்கு அந்தக் காசும் இல்லை. பாஸ் இவ்வளவையும் விளக்கவில்லை. சின்னக் கிண்ணத்தில் எங்கள் திரவத்தை வடித்துக் காட்டினார். தேயிலைச் சாயம் நிறத்தில் இருந்தது.

ஏற்றத்துக்கு ரேடியேட்டர். ஹுன்னஸ்கிரிய ஏறும்போது சூட்டுமானியின் முள் எழுந்தால், அந்த எஞ்சினின் அலுமினியத் தலை வளையவோ வெடிக்கவோ செய்யும். அதைச் செப்பனிடும் செலவில் கூடாரம், மெத்தை எல்லாம் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, ஹோஸும் தேர்மோஸ்டாற்றும் புதிதாகப் போட்டாயிற்று. கிடைக்காத சாமானுக்கு மச்சான் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ரயிலேறினார். பழைய உதிரிப்பாகங்களுக்கு நாட்டின் தலைநகரம் அது. போனவர் போன சாமானோடு மட்டும் திரும்பியதாகச் சான்றில்லை. அவரும் ஒரு கைப்பிடியும் இரண்டு கடிகாரங்களும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

பலகையியல்

மூன்றாம் வரிசை ஆசனத்தைக் கழற்றி, இரண்டாம் வரிசையை மடக்கி, அதன்மேல் பலகை அடித்தால் படுக்கை. கீழே சாமான், மேலே மனிதர். 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 18 மில்லிமீற்றர் பிளைவூட் ஒன்று 30 கிலோவைத் தாண்டும். 12 மில்லிமீற்றர் சுமார் 20 கிலோ. மெல்லியதை எடுத்து, குறுக்கே சட்டம் கொடுப்பதே அறிவு. எங்கள் பலகை வீட்டில் கிடந்த பழைய அலுமாரிக் கதவுகளால் ஆனது. சாவித்துவாரம் இன்னும் இருக்கிறது, சின்னவன் அதற்குள் டொபி உறைகளைப் போடுகிறான்.

இவ்விடத்து ஒரு படிநிலைச் சிக்கல் எழுந்தது. ஜாக்கி பலகைக்குக் கீழே. பலகைக்கு மேலே மெத்தை. மெத்தைக்கு மேலே அம்மா. ஆதலின் ராத்திரி மழையில் டயர் பஞ்சரானால், முதற்படி அம்மாவை எழுப்புவது. எழும்பிய அம்மா, "இதுக்குத்தான் நான் மாட்டன்னு சொன்னேன்" என்று தொடங்கி, கல்யாணப் பேச்சு நடந்த நாள்வரை போய்வருவார். பலகை தூக்குவதற்குள் மழையே விட்டுவிடும். தீர்வு எளிது: பக்கவாட்டில் ஒரு சிறு கதவு வெட்டி, ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் வெளியிலிருந்தே எடுக்குமாறு செய்தல். இரண்டு கீல் போதும். இந்நூல் முழுவதிலும் நிலைபேறுடைய கண்டுபிடிப்பு எது எனின், இக்கதவையே காட்டுவேன்.

கூரைக்கு ஹூட் ரேக். வெல்டிங் கடையில் ஜீ.ஐ. குழாயால் செய்தால் மலிவு, ஆனால் ரேக்கின் எடையே பாதிச் சுமை. உயரத்தில் எடை ஏறினால் வளைவில் வண்டி சாயும். மெத்தை மேலே, உரல் கீழே என்பது விதி. டயர் பற்றிச் சுருங்கச் சொல்வேன்: 235/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 733 மில்லிமீற்றர், ஆசைப்பட்டு 31 அங்குல டயர் போட்டால் 787. வேகமானி 60 காட்டும்போது வண்டி 64 இல் ஓடும். ஓடிய தூரமும் அவ்வாறே குறைத்துக் காட்டப்படுவதால், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கு இன்னும் மோசமாகத் தெரியும். அக்கணக்கைத் தங்கையிடம் ஒப்புவிக்க வேண்டியிருந்தமையால் மச்சான் பழைய அளவிலேயே நின்றார்.

மின்னியல், அல்லது தலைமைக் கலனின் வீழ்ச்சி

ரைஸ் குக்கரை வண்டியில் இயக்க இன்வெர்ட்டர் ஒன்று வாங்கலாம் என்று முன்மொழியப்பட்டது. கணக்குப் பார்ப்போம். 12 வோல்ட், 70 அம்பியர்-மணி பற்றறியில் 840 வாட்-மணி உண்டு. எஞ்சினைக் கிளப்பும் பற்றறியை அரைவாசிக்குக் கீழே இறக்குவது அதன் ஆயுளுக்குக் கேடு. ஆக கைச்செலவுக்கு 420. குக்கர் 700 வாட். சோறு அரை மணியில் ஆகும் என்றால் 350, இன்வெர்ட்டர் தின்பது சேர்த்தால் 400. ஒருவேளைச் சோற்றோடு பற்றறி வரவுசெலவு முடிந்தது. காலையில் டீசல் எஞ்சின் குளிரில் கிளம்பாது. தள்ளுவதற்குச் சோறு உண்டவர்கள் இருப்பார்கள் என்பது ஒன்றே ஆறுதல்.

எனவே காஸ் அடுப்பு. அதற்கும் ஒரு தடை: உயரம் ஏற ஏறத் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும். 2,100 மீற்றர் உயரத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் சுமார் 93 பாகையிலேயே கொதிக்கும். பருப்பு வேகாமல் கிடக்கும். பிரஷர் குக்கர் தேவை. இவ்வாறு ஒரு கலன் நீங்க இன்னொரு கலன் ஏறியது. முதல் நூற்பா வழுவவில்லை.

நிழலுக்கு, பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் தறப்பாள். ஆயத்தமாக விற்கும் ஓனிங்கின் விலையைக் கேட்டுவிட்டு மச்சான் மௌனமானார். ஒரு முனை ஹூட் ரேக்கில், மறு முனை இரண்டு மூங்கிலில், முடிந்தது. தாளிப்பனை ஓலைக்கும் இதற்கும் பயனில் வேற்றுமை இல்லை. அட்டைக்கு மாத்திரம் எந்த உருமாற்றமும் உதவாது. நக்கிள்ஸ் காட்டில் மழை விட்டதும் அவை புல்நுனியில் எழுந்து நின்று ஆள் பார்க்கும். காலில் சன்லைட் சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்துக் காயவிடுவது எங்கள் வீட்டு மரபு. தோட்டத்துக் கொழுந்துக்காரிகளின் பேத்தி என்ற முறையில் அம்மா இதில் ஆதாரம் கேட்க விடுவதில்லை.

புறனடை

மேற்கூறியவை யாவும் சட்டத்துக்கு உட்பட்டவை. வண்டியின் உருவை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களையும் முச்சக்கர வண்டிகளையும் மறித்து மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொன்னபோது, எல்.ஈ.டி. விளக்கு வாங்காத மச்சான் தீர்க்கதரிசியாகக் கொண்டாடப்பட்டார். நக்கிள்ஸில் இரவு தங்க வனத்துறையையும், ஹோர்ட்டன் சமவெளியில் தங்க வனசீவராசிகள் திணைக்களத்தையும் கேட்டே போக வேண்டும்.

கழற்றிய மூன்றாம் வரிசை ஆசனத்தை விற்கலாகாது. பதிவுச் சான்றிதழில் ஆசன எண்ணிக்கை இருக்கிறது; வண்டியை விற்கப் போனால் தரகர் முதலில் கேட்பதும் அதைத்தான். எங்களுடையது விறாந்தையில் சுவரோரம் கிடக்கிறது. எங்கள் அப்பா நாள்தோறும் அதில் சாய்ந்து வீரகேசரி வாசிக்கிறார். வீட்டிலேயே இடுப்புக்கு ஒத்துவருவது அது ஒன்றுதான் என்கிறார். வாங்க ஆள் வந்தால் அவரை எழுப்பி ஆசனத்தை மீட்பது எவ்வாறு என்பதற்கு நூற்பா இல்லை, உரையாசிரியரும் கண்டிலர். மச்சான் இப்போதைக்கு வண்டியை விற்பதில்லை என்று சொல்லித் திரிகிறார்.