ஒட்டாத வாத்தியங்கள்

கேள்வி: வீணையோடு புல்லாங்குழல், சாக்ஸபோனோடு வயலின் என்று ஒட்டாத வாத்தியங்களைச் சேர்த்துக் கச்சேரி வைக்கிறார்களே, இது சங்கீதமா, சர்க்கஸா?
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: தர்மபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? உங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர்களின் பெஞ்சைப் பாருங்கள். 1842-இல் பாரீஸில் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம். பக்கத்திலேயே காதைத் துளைக்கும் முகவீணை, மிருதங்கம், தாளம். திரையை விலக்கிக்கொண்டு துரியோதனன் வரும்போது, "பெட்டி சீமைச் சரக்காச்சே" என்று யாராவது எழுந்து போனதுண்டா? அகில இந்திய வானொலிதான் 1940-இல் ஆர்மோனியத்துக்குக் கதவைச் சாத்தியது. கூத்துக்காரர்கள் அந்த உத்தரவைச் சட்டை செய்யவேயில்லை.

நீங்கள் சொந்தமென்று நினைக்கும் வயலினும் வந்ததுதான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி கற்று, நம் பாட்டுக்குப் பழக்கினார். 1966-இல் லால்குடி ஜெயராமன் தன் வயலினோடு என். ரமணியின் குழலையும் ஆர். வெங்கடராமனின் வீணையையும் சேர்த்தார். லேசான வேலையில்லை. குழலின் சுருதியை அதன் நீளமே முடிவு செய்துவிடும்; தந்திக்காரர்கள்தான் இறங்கி வரவேண்டும். வீணையோ மெல்லிய குரல்காரி, மைக்கின் தயவில் வாழ்பவள். மற்ற இருவரும் அடக்கி வாசித்தால்தான் அவள் இருப்பதே தெரியும்.

அடுத்தவர் வாசிப்பதைக் கேட்காமல் ஆளாளுக்குக் கைதட்டல் வாங்க ஓடினால் நிச்சயம் சர்க்கஸ்தான். அதற்கு டிக்கெட் வாங்கித் தொலைத்திருந்தால், தனி ஆவர்த்தனம் வரை காத்திராமல் கேன்டீனுக்குப் போய்விடுங்கள். போண்டா சூடாக இருக்கும்.