உச்சிப்புளித் தம்பிக்கு ஒரு வாழ்த்துமடல்

தம்பி, உன் புகழைச் சொல்ல ரயிலடியில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தால் போதாது. மெக்கானிக்கல் படிக்கப் போன இடத்தில் மெக்கானிக்கலைத் தொட்டுக் கெடுத்துவிடாமல் அப்படியே பத்திரமாக வைத்துவிட்டு, வணிகத்தின் அடிப்படைகளை இணையத்தில் கற்றுத் தேர்ந்தவன் நீ. ஐ.என்.எஸ். பருந்து தளத்து ஹெலிகாப்டர் ஓட்டு வீடுகளை அதிரவைத்துப் போகும்போதும் நீ நிமிர்ந்து பார்ப்பதில்லை. காதில் பிலடெல்பியாப் பேராசிரியர், அதுவும் இரட்டை வேகத்தில். அவர் ஒருமுறை மூச்சு விடுவதற்குள் நீ இரண்டு பாடம் முடித்திருப்பாய்.

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணைய வகுப்புகளில் 2017-18இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேர்தான் கடைசிவரை போனார்களாம். மற்றவர்களுக்கும் உன் வழி தெரிந்திருந்தால் நூறு பேரும் முடித்திருப்பார்கள். என்.பி.டி.இ.எல். இணையப் படிப்பில் 12 வார அசைன்மென்டுகளில் நல்ல மதிப்பெண் வந்த எட்டை எடுத்து 25 சதவீதம் தருகிறார்கள். அதற்கான விடைகள் கெடு முடியுமுன்னே யூடியூபில் வந்துவிடுவது ஊரறிந்த செய்தி. ஒரு சரக்கை வீட்டிலேயே செய்வதா, வெளியே வாங்குவதா என்று மேலாண்மைப் பாடம் கேட்கும். நீ வெளியே வாங்கினாய். தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாயை அம்மாவிடம் வாங்கியதால், அடுத்தவர் முதலில் தொழில் செய்யும் கலையும் கைவந்துவிட்டது.

(உன் கல்லூரியையும் ஒரு வார்த்தை பாராட்ட வேண்டும். ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் இணையதளம் வழியாகப் படிக்கலாம் என்று 2021இல் யு.ஜி.சி. விதி செய்தது. பாடம் நடத்த ஆள் போடாமலே பாடம் நடக்கிறது. ஃபீஸ் மட்டும் முழுசாக. வியாபாரத்தில் உனக்கு மூத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.)

ஆனால் உன் மேதைமை முழுசாக வெளிப்பட்டது பெப்சி விஷயத்தில்தான். பெப்சிக்கும் கோக்குக்கும் அமெரிக்காவில் நடந்த கோலாப் போரை, எந்த ஆண்டில் எவன் விலையைக் குறைத்தான் என்பது வரை ஒப்பிக்கிறாய். அதே பெப்சி 2000 வாக்கில் மண்டபம் கடற்கரைக்கு வந்தது. மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் கப்பாபைகஸ் பாசியை மூங்கில் மிதவையில் வளர்க்க நம் பெண்களுக்கு வழிகாட்டியது. 2008இல் தொழிலை வேறு கம்பெனியிடம் கொடுத்துவிட்டுப் போனது. கம்பெனி போயும் கடற்கரையில் அதற்குப் பெயர் இன்னும் 'பெப்சி பாசி'தான். விளம்பரத்துக்குக் காசு செலவழிக்காமல் நிலைத்த பிராண்டு! இதெல்லாம் உனக்கு எதற்கு? உன் சிலபஸில் இல்லை.

உன் சித்தி அந்தப் பாசி கட்டுகிறவள். மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி கட்டினால், கடல் ஒத்துழைத்தால், 45 நாளில் இருநூறு கிலோவுக்கு மேல் அறுக்கலாம். அறுத்ததில் முதலில் 60 கிலோவை அடுத்த கட்டுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைக் காய வைப்பாள். கையில் காசு எவ்வளவு முடை என்றாலும் அந்த 60இல் கை வைக்க மாட்டாள். 2013ஐ ஒட்டிக் கடல் சூடேறிப் பாசி வெந்து போனபோது, விதைக்கும் வழியில்லாமல் நின்றதையும் பார்த்தவள். அவளிடம் நீ ஒன்றும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சான்றிதழ் தருவாளா? அவளிடம் க்யூ.ஆர். கோடு கூடக் கிடையாது.

சித்தியைப் போலவே சான்றிதழ் இல்லாமல் தொழில் கற்று ஏமாந்துபோன ராமேஸ்வரத்துப் பையன் ஒருவனும் உண்டு. 1939இல் உலகப் போர் தொடங்கியதும் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வர, அதைப் பொறுக்கிக் கடையில் கொடுத்து ஓரணா சம்பாதித்தான். ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போன நாட்களில், தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கினான். நம் உச்சிப்புளியைத் தாண்டிப் போன ரயில்தான் அது. கிராக்கி, வழங்கல், விநியோகம் எல்லாம் தெரிந்தும் ஒரு சான்றிதழ்கூட இல்லாததால், அப்துல் கலாம் கடைசியில் ஏவுகணைதான் செய்ய வேண்டியதாயிற்று.

உனக்கு அந்தக் கதி வராது. பாஸ்டனில் ஒரு காபிக் கடை எத்தனை கோப்பை விற்றால் போட்ட முதல் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாய். உன் படிப்புக்காக அடகுக் கடையில் இருக்கும் அம்மாவின் சங்கிலி எந்த மாதம் திரும்பும் என்று யாரோ கேட்டபோது, "அது பர்சனல் ஃபைனான்ஸ், வேற மாட்யூல்" என்றாயே, அந்தத் தெளிவு யாருக்கு வரும்! கரைக்காரர்களின் மீனை நேரே நகரத்து வாசலுக்குக் கொண்டுபோகும் ஆப் ஒன்றுக்கும் இருபது ஸ்லைடு தயார். அதில் ஏலக்காரர் இல்லை, ஐஸ் இல்லை, ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் இல்லை. லாபம் மட்டும் இருக்கிறது.

அடுத்து இடர் மேலாண்மையில் 12 வாரப் படிப்புக்குப் பதிந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். 12 வாரம் என்றால் 84 நாள். சித்தி இரண்டு அறுவடை எடுக்க 90 நாள் பிடிக்கும். ஆறு நாள் முந்திவிடுவாய், தம்பி!