மலை வந்தது, வாங்க ஆளில்லை

உறுப்புதானத் திட்டத்துக்குக் கேரள அரசு 2012-ல் வைத்த பெயர் மிருதசஞ்சீவனி. அனுமார் மலையோடு பெயர்த்து வந்த மூலிகை. பொருத்தமான பெயர்தான், தூக்கி வருகிற வேலையில் அங்கே யாரும் குறை வைப்பதில்லை.

2022 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம், ஆலுவா ராஜகிரி மருத்துவமனையிலிருந்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குக் கிளம்பியது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் போலீஸ், ஊரெல்லாம் ஒதுங்கி நின்றது. ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில், மாலை ஐந்தரை வாக்கில் வண்டி வாசலில் நின்றது.

பெட்டியை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

கூட வந்தவர்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஆபரேஷன் தொடங்க மணிக்கணக்கானது. சிறுநீரகம் பெற்ற நோயாளி மறுநாள் இறந்துபோனார்.

உடனே அரசு எந்திரம் விழித்துக்கொண்டது. சாகும்வரை தூங்கிவிட்டுச் செத்ததும் விழித்துக்கொள்வதில் நம் எந்திரங்களை மிஞ்ச ஆளில்லை. அமைச்சர் வீணா ஜார்ஜ் விசாரணைக்கு உத்தரவிட்டார். சிறுநீரகவியல், சிறுநீரியல் துறைத் தலைவர்கள் இருவரும் சஸ்பெண்ட். டாக்டர்கள் சங்கம் கொதித்தது. பெட்டியைத் தூக்கி ஓடியவர்கள் மேலும் போலீசில் புகார் போனது. மலையைக் கொண்டுவந்த அனுமார்மேல் திருட்டுக் கேஸ்!

நோயாளிக்கு முதலில் டயாலிசிஸ் செய்யவேண்டியிருந்தது என்றார்கள். இருக்கட்டும். வண்டி ஆலுவாயில் புறப்பட்டபோது டயாலிசிஸ் மெஷினுக்கு யாராவது போன் போட்டிருக்கக் கூடாதா? குளிரில் வைத்த சிறுநீரகம் 24 மணி நேரம்கூடத் தாங்கும் என்பார்கள். அதுவும் நிஜம்தான். அப்படியானால் எதற்கய்யா அத்தனை சைரன்? எதற்கு அத்தனை பேரை ரோட்டோரம் நிறுத்தினீர்கள்? தாமதம்தான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல டாக்டருக்குப் படிக்கவேண்டும். பெட்டி வந்தால் வாங்க வாசலில் ஒரு ஆள் நிற்கவேண்டும் என்பதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம்.

தப்பு சினிமாவிலும் இருக்கிறது. மலையாளத்தில் ‘டிராஃபிக்’ பார்த்தோம், தமிழில் ‘சென்னையில் ஒரு நாள்’ பார்த்தோம், கைதட்டினோம். உறுப்போடு வண்டி பறப்பதைத்தான் படம் பிடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி லிஸ்ட்டை யார் படம் பிடிப்பார்கள்? அரசும் படம் பார்த்தே நிர்வாகம் கற்றிருக்கிறது.

கேரளத்தில் இறந்தபின் உறுப்பு கொடுத்தவர்கள் 2015-ல் 76 பேர். 2018-ல் 8 பேர். ஜனங்கள் ஏற்கெனவே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்த ஊர் அது. இனி ஏதோ ஒரு ஐ.சி.யூ. வாசலில், அழுது ஓய்ந்த ஒரு தாயிடம் சம்மதப் படிவத்தை நீட்டுவீர்கள். தானத்தின் மகிமை பேசுவீர்கள். அவள் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்பாள்:

“அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இருப்பார்களா?”