சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள்தானே?

ஸ்ரீமுஷ்ணத்துக்காரனுக்குச் சங்கும் சக்கரமும் கண்ணில் பட்டால் போதும், வாய் தானாகப் "பெருமாளே" என்னும். பூவராகர் சன்னதித் துளசியை மென்று வளர்ந்த உடம்பு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் இந்தப் பழக்கம்தான் என் மானத்தை வாங்கியது. பின்கைகளில் சங்கு, சக்கரம். முன்கை ஒன்று அபயம், மற்றது இடுப்பில். "சோழர் காலத்துப் பெருமாள்டா" என்று அக்காள் மகனிடம் அளந்தேன். "மாமா, பெருமாள் மார்க்கச்சை கட்டுவாரா?" என்றான். விஷ்ணு துர்க்கை! அண்ணன் ஆயுதங்களைத் தங்கை ஏந்தி நிற்கிறாள். மருமகன் அதோடு விட்டானா? ஊருக்கு வந்து அம்மாவிடமும் சொன்னான்.

ரோஷத்தில் சிற்பம் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அது இன்னும் ஆபத்தாகிவிட்டது. எருமைத்தலை மேல் நின்றால் துர்க்கை என்று மனப்பாடம் செய்தேன். சிவன் கோயில் வடக்குச் சுவர் மாடமான கோட்டத்தில் நிற்கும் கற்சிலைக்கு அது சரி. செப்புத் திருமேனியாக வரும்போது அம்மாள் சில சமயம் எருமையைக் கழற்றிவிட்டு வெறும் தாமரைப் பீடத்தில் நின்றுகொள்கிறாள். இன்னொரு சிலையில் தலைக்குப் பின்னால் சக்கரத்தைக் கண்டு குதித்தேன். அது சிரச்சக்கரம், சிவனுக்கும் உண்டாம். சரி, தீக்கொழுந்துச் சடையும் கோரைப்பல்லும் கொண்ட காளியையாவது கண்டுபிடிப்போம் என்றால், ஸ்தபதி மெழுகிலேயே அந்தப் பல்லை அரிசி முனையளவுக்குத்தான் இழைத்திருக்கிறார். என் கண்ணாடி பவருக்கு அது எட்டவில்லை. புறப்பாட்டில் பட்டும் மாலையும் சாத்திவிட்டால் கேட்கவே வேண்டாம், கையும் தெரியாது, ஆயுதமும் தெரியாது.

இதெல்லாம் சில்லறைத் தோல்விகள். பெரியது விருத்தாசலத்தில். விருத்தகிரீசுவரர் கோயிலில் பிரத்தியங்கிரா இருந்தாள்: சிங்கமுகம், பெண்ணுடல், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழர் கற்சிலை. களவுபோய், 2005இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் விலைகொடுத்து வாங்கி, 2016இல் இந்தியாவிடம் திருப்பித் தந்தது. அதே கோயிலின் அர்த்தநாரீசுவரர் சிட்னி போய் 2014இல் திரும்பினார். இரண்டும் இந்தக் கோயிலுடையவை என்று காட்டிக்கொடுத்தவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எப்போதோ எடுத்துவைத்த பழைய படங்கள்.

எனக்கு அது பக்கத்து ஊர்க் கோயில். பஸ் ஏறி எத்தனை பிரதோஷம் போயிருப்பேன்! சிங்கமுகத்துக்காரி இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. செய்தியைப் படித்துவிட்டு வீட்டு ஆல்பத்தைக் குடைந்தேன். விருத்தாசலத்தில் எடுத்த படங்களுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் சுவரை மறைத்துக்கொண்டு நான், என் தொப்பை, மொட்டை போட்ட பிள்ளைகள். தெய்வம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை.

உங்கள் ஊர்க் கோயிலில் அனுமதி கேட்டு, கோட்டத்துச் சிலைகளைக் கைபேசியில் பிடித்து, தேதியும் இடமும் எழுதி வையுங்கள். தயவுசெய்து நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள்.