கோச் நெல்சனுக்குப் பிடித்த கிறுக்கு

கூடைப்பந்தில் நெட்டையர்களுக்கென்று ஆதிகாலத்திலேயே பட்டா போட்டுக் கொடுத்த இடம் வளையத்தடி. அங்கேயே நின்று, வருகிறவன் போகிறவன் பந்தையெல்லாம் தட்டிவிட வேண்டும். 1979-ல் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக், தூரத்திலிருந்து எறிந்து போட்டால் மூன்று புள்ளி என்று ஒரு கோடு போட்டபோதும், அதெல்லாம் குள்ளர்களின் பிழைப்பு என்று நெட்டையர்கள் அந்தப் பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்க்கவில்லை.

அன்றைய சூடானின் டிங்கா இனத்தைச் சேர்ந்த மனூட் போல் 7 அடி 7 அங்குலம். 1985-ல் வாஷிங்டன் புல்லட்ஸ் அணி அவரை எடுத்தது. முதல் சீசனிலேயே 397 ஷாட்களைத் தட்டிவிட்டார். சரி, புள்ளி எடுத்தாரா? அந்தப் பேச்சை விடுங்கள். அவர் ஆடி முடித்தபோது தட்டிவிட்டவை 2,086. எடுத்த புள்ளிகள் 1,599. அடுத்தவன் வாயில் மண்ணைப் போட்டே காலம் தள்ளிய மகானுபாவர்!

1988-ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு வந்து சேர்ந்தார். அங்கே கோச் டான் நெல்சன். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். இந்தப் பனைமரத்தைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் கோட்டுக்கு வெளியே நட்டார். பந்து வந்தால் யோசிக்காமல் எறியச் சொன்னார். போலும் எறிந்தார். பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் கொண்டுபோய், கால்பந்தில் ‘த்ரோ’ போடுவார்களே, ஏறக்குறைய அந்த லட்சணத்தில். போலின் கைக்குப் பந்து வந்தாலே, எறி, எறி என்று அரங்கம் அலறியது. அந்த சீசனில் 91 முறை எறிந்தார், விழுந்தது 20.

கேலிக்கூத்துதான். ஆனால் நெல்சனின் கள்ளத்தனம் வேறு இடத்தில் இருந்தது. போல் வெளியே போனால், அவரைக் காவல் காக்கும் சென்டர் என்கிற எதிரணி நெட்டையரும் வெளியே வந்தாக வேண்டும். ஆளை அம்போவென்று விட்டுவிட்டு வளையத்தடியில் குடியிருக்க அன்றைய விதி இடம் தராது. காவல்காரன் வெளியே, வீடு காலி. பந்தோடு பாய்கிறவனுக்குக் கொண்டாட்டம். பந்து உள்ளே விழுந்தால், அது வட்டி.

அந்த வட்டியும் ஒரு நாள் மொத்தமாக வந்தது. 1993 மார்ச் 3, ஃபீனிக்ஸ். அப்போது போல் ஃபிலடெல்ஃபியா அணியில். இரண்டாம் பாதியில் மட்டும் ஆறு மூன்று புள்ளி ஷாட்கள்! எதிரணியில் இருந்தவர் பழைய சகா சார்லஸ் பார்க்லி. கடைசியில் ஜெயித்தது ஃபீனிக்ஸ்தான் என்பது யாருக்கு நினைவிருக்கிறது?

கிறுக்கு தெளிய நாளாயிற்று. தெளிந்தபோது அதற்கு வியூகம் என்று பெயர். புரூக் லோபஸ் என்ற ஏழடிக்காரர் முதல் எட்டு சீசன்களில் போட்ட மூன்று புள்ளி ஷாட்கள் வெறும் மூன்று. ஒன்பதாவதில் 134. 2018-ல் மில்வாக்கி பக்ஸுக்குப் போனார். அவர் வெளியே நின்று எதிரணி சென்டரை இழுக்க, சக ஆட்டக்காரர் யானிஸ் அந்தெத்தோகூன்போ காலி வீட்டுக்குள் நாலு எட்டில் புகுந்து பந்தைத் திணித்தார். அந்த சீசனில் 60 வெற்றி, 2021-ல் கோப்பை. போல் தன் ஆட்டக்காலம் முழுக்க எறிந்தது 205. மில்வாக்கியில் தன் முதல் சீசனில் மட்டும் லோபஸ் எறிந்தது 512. எறிந்த கையோடு மறுமுனைக்கு ஓடிப்போய், வளையத்தடியில் நின்று பந்தைத் தட்டிவிடுவார். பட்டாவை மட்டும் அவரும் விடுவதாயில்லை.